கூரையில் ஒட்டிய காந்தம்

என் சட்டைப் பையில் பேனா இல்லாத நாள் உண்டு, காந்தம் இல்லாத நாள் கிடையாது. கோயமுத்தூர் கணபதியில் சின்னதாக ஒரு அலுமினிய பவுண்டரி வைத்திருக்கிறேன். நூற்பாலை மெஷின்களுக்கு உதிரிபாகம் வார்க்கிற வேலை. பழைய அலுமினியம் லோடு வந்து இறங்கியதும் காந்தத்தை எடுத்துக் குவியலுக்குள் ஓட்டிப் பார்ப்பேன். ஒரு இரும்பு போல்ட்டோ புஷ்ஷோ கண்ணுக்குத் தப்பி உலைக்குள் போய்விட்டால் அன்றைய ஹீட்டுக்கே, அதாவது அந்தத் தடவை உருக்கிய மொத்த உலோகத்துக்கே கேடு. இருபத்தைந்து வருடப் பழக்கம். அந்தக் காந்தத்தை நம்பித்தான் இத்தாலியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மச்சினனின் சேமிப்பு மொத்தத்தையும் ஆற்றில் விடப் பார்த்தேன்.

மச்சினன் திருப்பூர்க்காரன். பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராகச் சேர்ந்தவன், இத்தாலிய வாடிக்கையாளர் ஒருவரோடு பழகிப் பழகி மிலான் பக்கத்திலேயே குடியேறிவிட்டான். ஆள் கார்ப் பைத்தியம். எங்கள் ஊர்ப்பக்கம் அது அதிசயமே இல்லை. மாருதி 800 எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி ரேஸ் காரைக் கட்டிய கரிவரதன் இந்த ஊர்க்காரர். அவர் பெயரில் செட்டிபாளையத்தில் 2003-ல் ரேஸ் ட்ராக்கே வந்தது. 2005-ல் ஃபார்முலா 1-ல் ஓட்டிய நரேன் கார்த்திகேயனும் கோயமுத்தூர்தான். இங்கே லேத் பட்டறையில் எடுபிடியாக இருக்கிற பையன்கூட கேம் ஷாஃப்ட் பற்றி அரை மணி நேரம் பேசுவான்.

2015 நவம்பரில் மிலானில் ஐடிஎம்ஏ நடந்தது. நாலு வருடத்துக்கு ஒருமுறை நடக்கிற ஜவுளி இயந்திரக் கண்காட்சி, எங்கள் தொழில்காரர்களுக்கு அது திருவிழா மாதிரி. நானும் போயிருந்தேன். மூன்றாம் நாளே கால் வலி வந்துவிட்டது. மச்சினன் வந்து, "மாமா, ஸ்பிண்டில் பாத்தது போதுமுங், வாங்க ஒரு எடத்துக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்று கிளப்பிக்கொண்டு போனான். கண்காட்சி நடந்த ரோ என்கிற ஊரிலிருந்து அரேஸே பக்கம்தான். அங்கே ஆல்ஃபா ரோமியோ கார்க் கம்பெனியின் அருங்காட்சியகத்தை அந்த ஜூன் மாதம்தான் மறுபடி திறந்திருந்தார்கள். முதன்முதலாக ஜிடிஏ பக்கத்தில் நின்றது அங்கேதான்.

இந்த வண்டியைத் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்கிறேன். 1963-ல் ஆல்ஃபா ரோமியோ ஜூலியா ஸ்பிரிண்ட் ஜிடி என்று இரண்டு கதவு வண்டி ஒன்றை இறக்கியது. பெர்ட்டோனே நிறுவனத்தில் இளைஞராக இருந்த ஜியார்ஜெட்டோ ஜுஜாரோ வரைந்த வடிவம். பானெட்டின் முன் விளிம்பில் சின்னப் படி மாதிரி ஒரு இடைவெளி இருக்கும், அதை வைத்தே அடையாளம் சொல்லலாம். 1965-ல் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அதே வடிவத்தில் ரேஸுக்கென்று இன்னொன்றைக் காட்டினார்கள். அதுதான் ஜிடிஏ. கடைசி எழுத்து ‘அல்லெஜெரித்தா’, அதாவது எடை குறைக்கப்பட்டது. சாதா வண்டி சுமார் 950 கிலோ, இது 745 கிலோ. கிட்டத்தட்ட மூன்று ஆள் எடையை இறக்கியிருக்கிறார்கள்.

எப்படி இறக்கினார்கள் என்பதுதான் எனக்கு ஜிவ்வென்று ஏறிய விஷயம். எலும்புக்கூடு இரும்பு, மேல்தோல் முழுக்க அலுமினியம். பெராலுமன் என்கிற கலவை. இரும்பையும் அலுமினியத்தையும் வெல்டிங்கில் சேர்க்க முடியாது என்பதால் தோலை ரிவிட் அடித்துப் பிடித்திருக்கிறார்கள். கிளச் ஹவுசிங், ஆயில் சம்ப், கேம் கவர், டைமிங் கவர் எல்லாம் மெக்னீசியம் வார்ப்பு. சக்கரமும் மெக்னீசியம், கம்பாஞோலோ செய்தது. பக்கக் கண்ணாடிகளுக்குப் பதில் பிளெக்ஸி என்கிற பிளாஸ்டிக். 1570 சிசி எஞ்சினில் சிலிண்டருக்கு இரண்டு பிளக், மொத்தம் எட்டு. 1600 ஜிடிஏ செய்தது 500 மட்டும். 1968-ல் வந்த 1300 ஜூனியர் ஜிடிஏ ஒரு நானூற்றைம்பது இருக்கும்.

அந்த 500-ம் சும்மா இருக்கவில்லை. 1966 மார்ச்சில் அமெரிக்காவின் செப்ரிங்கில் ட்ரான்ஸ்-ஆம் வரிசையின் முதல் பந்தயம் நடந்தது. பெரிய வி8 வண்டிகள் நின்ற அந்தப் பந்தயத்தில் யோஹன் ரிண்ட் ஒரு ஜிடிஏவில் முதலாவதாக வந்தார். அதே ஆண்டு ஐரோப்பிய டூரிங் கார் சாம்பியன்ஷிப்பை ஆந்த்ரேயா தே ஆதாமிக் வென்றதும் ஜிடிஏவில்தான்.

இப்போது பிரச்சினை எங்கே என்று புரிந்திருக்கும். வார்ப்புக்காரன் பாஷையில் சொன்னால் பேட்டர்ன், அதாவது அச்சு மாதிரி ஒன்று, உலோகம் இரண்டு. சாதா ஜிடி பல்லாயிரம் ஓடின, ஜிடிஏ ஐநூறுதான். இரண்டும் தூரத்தில் ஒரே முகம். விலையோ மலைக்கும் மடுவுக்கும். அப்புறம் போலி வராமல் என்ன செய்யும்?

அருங்காட்சியகத்தை விட்டு வெளியே வந்ததும் மச்சினன் மெல்ல ஆரம்பித்தான். மிலானுக்கு வடகிழக்கே ஒரு கிராமத்தில், ஒருவரிடம் சிவப்பு ஜிடிஏ ஒன்று இருக்கிறதாம். அவசரப் பணத் தேவையாம். "நீங்க ஒருக்கா பாத்துச் சொன்னீங்கன்னா போதுமுங் மாமா. அலுமினியத்துல உங்களுக்குத் தெரியாததா?" இப்படி ஒரு வார்த்தை காதில் விழுந்த பிறகு எந்த மாமாவால் மாட்டேன் என்று சொல்ல முடியும்.

ஞாயிற்றுக்கிழமை காலை. மாட்டுக் கொட்டகையைக் கராஜ் ஆக்கியிருந்தார்கள். வண்டி அப்படியே ஜொலித்தது. பக்கத்தில் வெள்ளை முக்கோணத்துக்குள் பச்சை நாலிலைச் சின்னம், உள்ளே வாளி போல இரண்டு ரேஸ் சீட். பெயின்ட்டில் கீறல் விழக்கூடாது என்று காந்தத்தைக் கைக்குட்டையில் சுற்றி, விற்பவரிடம் ஜாடையில் அனுமதி கேட்டுவிட்டு ஆரம்பித்தேன். பானெட், ஒட்டவில்லை. இரண்டு கதவும் ஒட்டவில்லை. டிக்கி மூடி ஒட்டவில்லை. பின் சக்கரத்துக்கு மேலே பக்கவாட்டில் வைத்தேன், வழுக்கிக்கொண்டு கீழே வந்தது.

"ஒட்டுதுங்களா?"

"ஒட்டலை மாப்ள."

விற்பவர் பானெட்டைத் திறந்தார். குனிந்து பிளக் ஒயர்களை எண்ணினேன், எட்டு. நிமிர்ந்தபோது எனக்கே மூச்சு வாங்கியது. "வாங்கிப் போடலாம் மாப்ள, இது சரக்கு" என்று நான் சொன்னது இப்போதும் காதில் கேட்கிறது.

அட்வான்ஸ் பேச்சு தொடங்கிவிட்டது. அவர்கள் இத்தாலியனில் பேசிக்கொண்டிருக்க, நான் சும்மா வண்டியோடு சாய்ந்து நின்றேன். கைக்குட்டை இன்னும் உள்ளங்கையில்தான். கையைத் தூக்கிக் கூரைமேல் வைத்தேன்.

டக்.

கையை எடுத்தால் கைக்குட்டை வரவில்லை. கூரையிலேயே உட்கார்ந்திருந்தது. இழுத்து எடுத்து அரையடி தள்ளி வைத்தேன், மறுபடி டக். முழுக் கூரையும் இரும்பு.

அப்புறம்தான் மண்டை வேலை செய்தது. டிக்கிக்குள் விரிப்பை ஒதுக்கிவிட்டு, காந்தத்தைப் பின் பக்கவாட்டின் உள்பக்கம் கொண்டுபோனேன். கையிலிருந்து பறித்துக்கொண்டு ஒட்டியது. வெளியே ஏன் ஒட்டவில்லை? பட்டி. எப்போதோ அடிபட்ட இடத்தில் மூன்று நாலு மில்லி கனத்துக்குப் பட்டி பூசித் தேய்த்திருக்கிறார்கள். என் பட்டன் காந்தத்துக்கு அதைத் தாண்டி இரும்பு எட்டவில்லை. காந்தம் ஒட்டவில்லை என்றால் அலுமினியம் என்று எடுத்துக்கொண்டேன். ஒட்டவில்லை என்றால் அந்த இடத்தில் மேலாக இரும்பு இல்லை, அவ்வளவுதான். அது அலுமினியமா, பட்டியா, ஃபைபரா என்று காந்தம் சொல்லாது. டிங்கரிங் பட்டறைப் பையனுக்குத் தெரிந்த இந்த விஷயம் எனக்கு அன்று தோன்றவில்லை. விரல் கணுவால் தட்டிப் பார்த்திருந்தாலே போதும். வெறும் தகடு கணகணக்கும், பட்டி பூசிய இடம் ‘தொப்’பென்று மட்டுப்படும்.

கதவும் பானெட்டும் டிக்கி மூடியும் நிஜ அலுமினியம்தான். அவையெல்லாம் போல்ட் கழற்றினால் வந்துவிடும், புதிதாக அலுமினியத்தில் அடித்துக் கொடுக்க ஆள் இருக்கிறார்கள். கூரையும் பின் பக்கவாட்டும் அப்படி இல்லை, வண்டியோடு பிறந்தவை. அவற்றை மாற்றுவது பெரிய வேலை, போலி செய்கிறவன் அங்கே சோம்பல் படுவான். அதனால் இப்போதெல்லாம் யாராவது கேட்டால், கழற்ற முடிகிற எதையும் முதலில் பார்க்காதே, கழற்ற முடியாததைப் பார் என்றுதான் சொல்வேன்.

எட்டு பிளக் கதை இன்னும் மோசம். அன்று இரவு அறையில் உட்கார்ந்து செல்போன் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தோம். அது 1987-லிருந்து ஆல்ஃபா 75-ல் வந்த ட்வின் ஸ்பார்க் எஞ்சின். அதிலும் சிலிண்டருக்கு இரண்டு பிளக்தான். போலி ஜிடிஏ கட்டுகிறவர்களுக்கு அது வரப்பிரசாதம். ஆனால் ஜிடிஏவின் சிலிண்டர் ஹெட்டில் வால்வுகள் 80 டிகிரி விரிந்து நிற்கும், ட்வின் ஸ்பார்க்கில் 46 டிகிரிதான். அதனால் இரண்டு கேம் ஷாஃப்ட்டும் நெருங்கியிருக்கும், ஹெட்டே ஒடுங்கித் தெரியும். அருங்காட்சியக வண்டியின் படத்தையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் குழந்தைக்குக்கூட வித்தியாசம் தெரியும். எனக்குத்தான் எட்டு என்று எண்ணத் தெரிந்ததே தவிரப் பார்க்கத் தெரியவில்லை.

இதில் ஒரு வேடிக்கை. எஞ்சின் அறையின் பின் சுவரில் சேஸ் நம்பர் குத்தியிருக்கும். இடப்பக்க ஸ்டியரிங் வைத்த 1600 ஜிடிஏ என்றால் ஏஆர் 613 என்று தொடங்க வேண்டும், வலப்பக்கம் என்றால் 752, ஜூனியர் ஜிடிஏ என்றால் 775. அந்தச் சிவப்பு வண்டியின் நம்பர் இந்த மூன்றிலும் சேரவில்லை. ரிஜிஸ்தர் தாளிலும் சாதா ஸ்பிரிண்ட் ஜிடி என்றே எழுதியிருந்தது. விற்க வந்தவரைத் திருடன் என்று சொல்ல மாட்டேன். தாளைக் காட்டத்தான் செய்தார், நாங்கள்தான் பச்சை இலையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

இதுவும் எனக்கு முதல் அடி இல்லை. தொண்ணூறுகளில் ராஜ்தூத் 350 ஒன்று வாங்கினேன், எல்லோரும் ஆர்டி என்று சொல்கிற வண்டி. 1983-லிருந்து 1989 வரை வந்தது. அதில் ஹை டார்க், லோ டார்க் என்று இரண்டு உண்டு, டார்க் என்றால் எஞ்சினின் முறுக்குவிசை. முதலில் வந்தது 30.5 குதிரை சக்தி, பிறகு மைலேஜுக்காகக் குறைத்துவிட்டார்கள். ஈரோடு புரோக்கர் ஒருத்தர் ஹை டார்க் என்று சத்தியம் பண்ணி விற்றார். ஸ்டிக்கரும் அப்படித்தான் சொன்னது. ஆறு மாதம் கழித்து சிலிண்டருக்குப் போரிங் போடக் கழற்றினோம். பக்கத்துப் பட்டறைக்காரர் பேரலை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கி, எக்சாஸ்ட் போர்ட்டின் உயரத்தைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, இது லோ டார்க்குங்" என்றார். காலணா ஸ்டிக்கர், அதற்கு நான் கொடுத்த அதிக விலை ஐயாயிரம். அப்போதே புத்தி வந்திருக்க வேண்டும்.

மிலானிலிருந்து திரும்பியதும் கொஞ்சம் வெறியோடு படிக்க ஆரம்பித்தேன். ராத்திரி பவுண்டரி கணக்கு முடிந்ததும் பழைய பந்தயப் படங்கள், பட்டறைகளில் பிரித்துப் போட்ட ஜிடிஏக்களின் படங்கள் என்று பார்த்துக்கொண்டே இருப்பேன். வீட்டில், "ஓட்டவும் முடியாத காருக்கு இத்தனை ஆராய்ச்சியா" என்றாள். ஓட்டுகிறவனைவிட வாங்க முடியாதவன்தான் நன்றாகப் படிப்பான் என்று நினைத்துக்கொண்டேன், சொல்லவில்லை.

2023 ஜூனில் ஐடிஎம்ஏ திரும்ப மிலானுக்கு வந்தது. இந்தமுறை மச்சினன் சொன்ன வண்டி பிரெஷ்ஷா பக்கத்தில் ஒரு பட்டறையில் கிடந்தது. பார்த்தால் வாங்கத் தோன்றாது. பாதி சாம்பல் பிரைமர், முன் வலது பக்கம் வேறு யாரோ அடித்துப் போட்ட தகடு, சீட் கிடையாது. எஞ்சின் தனியாக மர ஸ்டாண்டில். "இதுவா மாப்ள?" என்றேன். "பாருங்க மாமா" என்றான், அவ்வளவுதான். எட்டு வருடத்தில் அவனும் பேச்சைக் குறைத்திருந்தான்.

காந்தத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு, நேராகப் பின் சுவருக்குப் போனேன். ஏஆர் 613 இருந்தது. ஆனால் நம்பர் சரியாக இருப்பது பாதிதான். சாதா வண்டியின் சுவரில் அந்தத் துண்டை மட்டும் வெட்டி ஒட்ட முடியும், தேய்த்துவிட்டு மறுபடி குத்தவும் முடியும். நம் ஊரில் ஆர்டிஓ வேலைக்கும் ஃபைனான்ஸுக்கும் சேஸ் பிரிண்ட் எடுக்கிற மாதிரி மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தேன். கண்ணுக்குத் தெரியாததைப் பென்சில் காட்டிக்கொடுத்துவிடும். நம்பரைச் சுற்றிக் கிரைண்டர் ஓடியிருந்தால் தாளில் வரி வரியாக விழும், பக்கத்தில் வெல்டிங் இருந்தால் மேடு தெரியும். அப்படி எதுவும் இல்லை. சுவரின் பின்பக்கம், டாஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டு டார்ச் அடித்துப் பார்த்தேன். வெட்டி ஒட்டியதன் தையல் இல்லை. அங்கே ஒரு மூலையில் கையகலம் பழைய சிவப்புப் பெயின்ட் மட்டும் இருந்தது. அதை மனதில் வைத்துக்கொண்டேன்.

பிறகுதான் காந்தம். முதலில் கூரை, ஒட்டவில்லை. பின் பக்கவாட்டின் உள்ளே கையை விட்டேன், அங்கும் ஒட்டவில்லை. கதவுக்குக் கீழே ஓடுகிற சட்டத்தில் வைத்தேன், டக்கென்று ஒட்டியது. இங்கே ஒட்டத்தான் வேண்டும். எலும்பு இரும்பு, தோல் அலுமினியம் என்ற கணக்கு அப்போதுதான் சரியாக வருகிறது. எங்குமே ஒட்டாத வண்டியைக் கண்டால் சந்தோஷப்படாமல் சந்தேகப்பட வேண்டும்.

அந்த இரண்டும் சேருகிற இடத்தைப் பார்க்கக் கண்ணாடி ரப்பர் ஓரத்தைக் கொஞ்சம் விலக்கச் சொன்னேன். சின்னச் சின்ன ரிவிட் தலைகள் வரிசையாக இருந்தன. ஸ்கேல் வைத்து அடித்த மாதிரி இல்லை. இரண்டு நெருக்கமாக, ஒன்று கொஞ்சம் தள்ளி. கையால் வேலை செய்த ஆள் மதியச் சாப்பாட்டுக்கு முன் அவசரப்பட்டதுகூடத் தெரிகிற மாதிரி இருந்தது. ஒவ்வொரு தலையைச் சுற்றியும் சாம்பல் பூத்தது போல வெள்ளைப் பொடி. இரும்பும் அலுமினியமும் தொட்டுக்கொண்டிருந்து ஈரமும் சேர்ந்தால் அலுமினியம்தான் அரிக்கும். ஐம்பது வருட ஈரம் அங்கே உட்கார்ந்திருந்தது. புதுத் தகடு போட்ட முன் வலது பக்கத்தில் ரிவிட்டுகள் பளபளவென்று ஒரே இடைவெளியில் இருந்தன, பொடி இல்லை. அந்தப் பக்கம் எப்போதோ அடிபட்டிருக்கிறது. அதைப் பார்த்து எனக்கு நம்பிக்கை கூடியதே தவிரக் குறையவில்லை. பந்தயத்துக்குப் போன வண்டி அடிபடாமலா இருக்கும்? ரேஸ் ஓடியது என்று கதை சொல்லிவிட்டு உடம்பில் ஒரு தையல்கூட இல்லாத வண்டியைக் காட்டினால், என்றைக்கோ புதிதாகப் பிறந்த வண்டி அது என்றுதான் எடுத்துக்கொள்வேன்.

வார்ப்புகளுக்கு வந்தபோது என் வீட்டுக்குள் நுழைந்த மாதிரி இருந்தது. கிளச் ஹவுசிங்கைத் தனியே கழற்றி வைத்திருந்தார்கள். ஒரு கையால் தூக்கினேன். அலுமினியமாக இருந்தால் இவ்வளவு இருக்கும் என்று என் தோள் போட்டு வைத்த கணக்கைவிட மூன்றில் ஒரு பங்கு லேசு. அலுமினியத்தின் அடர்த்தி 2.7, மெக்னீசியம் 1.74 என்று புத்தகம் சொல்வதைத் தோள் முன்னாலேயே சொல்லிவிட்டது. மேற்பரப்பு மணலச்சில் வார்த்த சொரசொரப்பு, உள்மூலைகளில் திட்டுத் திட்டாகச் சாம்பல் அரிப்பு. இருந்தாலும் உறுதி பண்ண வேண்டுமே. நம் ஊர் பழைய இரும்புக் கடைக்காரர்கள் செய்கிற சோதனை ஒன்று உண்டு. விற்பவரிடம் வினிகர் கேட்டேன். மச்சினன் மொழிபெயர்த்தபோது அவர் என்னைப் பார்த்த பார்வை! சாலடுக்கு வைத்திருந்த பாட்டிலைச் சமையலறையிலிருந்து கொண்டுவந்தார். மெஷின் பண்ணாத உள்விளிம்பில், வெளியே தெரியாத இடத்தில், நகத்தளவு சுரண்டி ஒரு சொட்டு விட்டேன். சர்ரென்று நுரைத்தது. பக்கத்தில் கிடந்த அலுமினியத் துண்டில் விட்ட சொட்டு அப்படியே கண்ணீர் மாதிரி நின்றது. விற்பவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தானும் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தார். துடைத்துத் தண்ணீரில் கழுவிக் காயவைத்தோம். இதைச் செய்கிறவர்கள் உரிமையாளரைக் கேட்காமல் செய்யாதீர்கள். மெக்னீசியத்தைக் கிரைண்டரில் வைத்துப் பார்க்கவே பார்க்காதீர்கள், தூள் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக்கூடாது, உலர்ந்த மணல்தான்.

சம்ப் மட்டும் அலுமினியமாக இருந்தது. எஞ்சினில் ஏஆர் 00502/ஏ என்று வகை எண் இருந்தது. ஜிடிஏவுக்கு உரிய எண்தான், சாதா வண்டிக்குக் கடைசி ‘ஏ’ இருக்காது. ஆனால் அதன் தொடர் எண் வண்டியின் பழைய தாள்களில் இருந்ததோடு சேரவில்லை, அதாவது இன்னொரு ஜிடிஏவின் எஞ்சின். மச்சினன் முகம் சுருங்கியது. நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. பந்தய எஞ்சின் பிஸ்டன் அடித்துக்கொண்டால் ஞாயிற்றுக்கிழமைக்குள் இன்னொன்று ஏற வேண்டும், அங்கே யார் நம்பர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். விலையில் அது பேச வேண்டிய விஷயம். அடையாளத்தில் இல்லை.

விற்பவரின் பெரிய வாதமே வேறு. இது வெறும் ஜிடிஏ இல்லை, ஆட்டோடெல்டாவின் டீம் வண்டி என்றார். ஆட்டோடெல்டா என்பது ஆல்ஃபாவுக்காகப் பந்தய வேலை பார்த்த பட்டறை, கார்லோ கீத்தி நடத்தியது, மிலான் ஓரத்தில் செத்திமோ மிலானேஸேயில் இருந்தது. பின் ஆக்சிலைப் பக்கவாட்டில் பிடித்து நிறுத்த அவர்கள் செய்த ஸ்லைடிங் பிளாக் அமைப்பின் பிராக்கெட் இந்த வண்டியில் இருந்தது. ஆனால் ஆட்டோடெல்டா தன் பாகங்களை வாடிக்கையாளருக்கும் விற்றது. எங்கள் பவுண்டரி வார்ப்பு ஒரு மெஷினில் இருக்கிறது என்பதற்காக அந்த மெஷினையே நாங்கள் செய்தோம் என்று ஆகுமா?

இங்கேதான் வகை பிரிக்கத் தெரிய வேண்டும். சாதா ஜிடிக்கு ஜிடிஏ வேஷம் போட்டது ஒன்று. கம்பெனியிலிருந்து ஜிடிஏவாகவே வெளிவந்து ரோட்டில் ஓடியது ஒன்று. அப்படி வந்ததை வாங்கியவர் ரேஸுக்கு மாற்றியது ஒன்று. ஆட்டோடெல்டாவே தயாரித்து, தன் டீமில் ஓட்டியது ஒன்று. கடைசி மூன்றும் அசல் ஜிடிஏதான், ஆனால் ஒன்றுக்கொன்று விலையில் ஏணி வைத்தாலும் எட்டாது. பிற்பாடு வந்த ஜிடிஏஎம் வேறு இருக்கிறது. அது 1750 ஜிடிவியின் இரும்பு உடம்பில் சக்கரங்களுக்கு மேலே ஃபைபர் அகலிப்புகள் வைத்துக் கட்டியது. அதில் போய்க் காந்தம் ஒட்டுகிறது, போலி என்று சொன்னால் மானம் போய்விடும்.

டீம் வண்டி என்பதற்கு விற்பவர் மூன்று கறுப்பு வெள்ளைப் படங்கள் காட்டினார். மலைப்பாதையில் ஏறுகிற கார்ப் பந்தயப் படங்கள். நாங்கள் ஓட்டுநரைப் பார்க்கவில்லை, ஓட்டைகளைப் பார்த்தோம். படத்து வண்டியில் முன் கிரில்லுக்குக் கீழே ஆயில் கூலருக்கு வெட்டிய வாய் இடதுபக்கம். கையில் இருந்த வண்டியில் நடுவில். தகடு மாறியிருக்கலாம், சரி. ஆனால் பின்கண்ணாடிக்குக் கீழே படத்தில் இருக்கிற இரண்டு காற்றுத் துளைகளுக்கு இந்த வண்டியில் அடையாளமே இல்லை. அந்தப் பகுதி பழைய ரிவிட், பழைய தோல். துளையை அடைத்தால் உள்பக்கம் தெரிந்தே தீரும். வேறு வண்டியின் படம் அது.

அரேஸேயில் ஆல்ஃபாவின் ஆவணக் காப்பகம் இருக்கிறது. சேஸ் நம்பரைக் கொடுத்தால் எந்த நாள் தயாரானது, என்ன நிறம், எங்கே அனுப்பப்பட்டது என்று எழுதித் தருவார்கள். மச்சினன் எழுதிப் போட்டான், பதில் சில வாரத்தில் வந்தது. ஜிடிஏ, சிவப்பு, ஒரு டீலருக்குப் போயிருக்கிறது. டாஷ்போர்டுக்கு அடியில் நான் பார்த்த அந்தக் கையகலச் சிவப்பு நினைவுக்கு வந்து போனில் கத்தியே விட்டேன். ஆட்டோடெல்டாவுக்குப் போனதாக அதில் இல்லை. ஆக, அசல் ஜிடிஏ, யாரோ ஒரு தனியார் மலைப் பந்தயங்களில் ஓட்டித் தேய்த்தது. இந்தத் தாளை முதலிலேயே வாங்கியிருந்தால் இவ்வளவு வேலை எதற்கு என்று கேட்கலாம். அந்த நம்பரில் ஒரு வண்டி பிறந்தது என்றுதான் தாள் சொல்லும். எதிரே நிற்பது அந்த வண்டிதானா என்பதை ரிவிட்தான் சொல்ல வேண்டும்.

விற்பவர் டீம் வண்டி விலையிலிருந்து இறங்கினார். இறங்கிய பிறகும் அது எங்கள் கைக்கு எட்டுகிற உயரத்தில் இல்லை. இரண்டு மாதத்தில் வேறு யாரோ வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். மச்சினன் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை என்று தங்கச்சி சொன்னாள். இப்போது அவனிடம் இருப்பது சாதா ஜிடி 1300 ஜூனியர், முழு இரும்பு. வாங்கிய அன்று வீடியோ காலில் வந்தான். நான் கொடுத்துவிட்டு வந்த காந்தத்தைப் பானெட்டில் ஒன்று, கூரையில் ஒன்று என்று வைத்துக்கொண்டே போனான். "எங்க வெச்சாலும் ஒட்டுதுங் மாமா, ஒரிஜினலுங்!"

அந்தப் பென்சில் பிரிண்ட் மட்டும் என்னிடம் இருக்கிறது. பவுண்டரி ஆபீஸ் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன். போன வாரம் மோல்டர் சம்பள அட்வான்ஸ் கேட்க உள்ளே வந்தவர், பேச்சை நிறுத்திவிட்டுக் குனிந்து அதையே பார்த்தார்.

"ஏனுங்க, 613-ன்னு இருக்குது. இது எந்த ஹீட்டுங்க? ரிஜெக்ட் ஆயிருச்சுங்களா?"